5×8 பாத்ரூமை உடைத்துப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?

பாத்ரூமைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் மேஸ்திரி பெரும்பாலும் ஒரே தொகையாகச் சொல்லிவிடுவார்: "ஒன்றரை ஆகும் சார்." அந்த ஒன்றரை லட்சத்துக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதில்தான் பின்னால் தகராறு வருகிறது. டைல்ஸ் சதுர அடி என்ன விலை என்று கடை கடையாக விசாரிக்கும் வீட்டுக்காரர், தரையை எவ்வளவு ஆழம் உடைக்கப் போகிறார்கள் என்று கேட்பதில்லை. செலவை ஏற்றுவதும் இறக்குவதும் அந்த ஆழம்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது 5 அடிக்கு 8 அடி பாத்ரூம். இருபது வருடத்துக்கு மேலான அடுக்குமாடி வீடுகளில் சாதாரணமாக இருக்கும் அளவு இது. கூலியும் விலையும் சென்னை, கோவை போன்ற நகரங்களில் கேட்கப்படும் தோராயம். சிறிய ஊர்களில் கூலி குறையும், பொருள் விலை அதிகம் மாறாது.

எவ்வளவு ஆழம் உடைப்பது?

க்ளோசெட், வாஷ்பேசின், டேப், ஷவர் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் 30,000 முதல் 50,000 ரூபாய்க்குள் இரண்டு நாளில் முடியும். ஆனால் சுவருக்குள் பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் ஓடுகிறது என்றால் இதை முயற்சி செய்யாதீர்கள். துரு ஏறிய டேப்பைத் திருகிக் கழற்றும்போது மரை சுவருக்குள்ளேயே முறிந்துவிடும். ஒரு டேப்புக்காக நான்கு டைல்ஸை உடைக்க வேண்டிவரும், அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது.

அடுத்தது டைல்ஸ், குழாய், ஒயரிங் மூன்றையும் மாற்றும் முழு வேலை. இதில் தரையின் மேல் அடுக்கு மட்டும் போகும். அதற்கும் கீழே இருப்பது சங்கன் பகுதி: பாத்ரூமுக்காக எட்டு அங்குலம் முதல் ஒரு அடி வரை தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளமும், அதில் கொட்டி நிரப்பிய செங்கல் ஜல்லியும். அதையும் அள்ளிவிட்டுப் புதிதாகச் செய்வதுதான் மூன்றாவது ஆழம்.

சங்கனைத் திறக்க வேண்டுமா என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. கீழ்வீட்டு சீலிங்கிலோ, பக்கத்து அறைச் சுவரின் அடியிலோ ஈரம் தெரிகிறது என்றால், ஒரு வாரம் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். ஈரம் காய ஆரம்பித்தால் கசிவு தரையிலோ கழிவுக் குழாயிலோ இருக்கிறது, சங்கனைத் திறந்தே ஆக வேண்டும். பயன்படுத்தாதபோதும் ஈரம் அப்படியே இருந்தால் எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை லைனைச் சந்தேகியுங்கள். சில பழைய கட்டடங்களில் சங்கனே இருக்காது, கழிவுக் குழாய் கீழ்வீட்டு சீலிங்கில் தொங்கும். அப்படியானால் கீழ்வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் வேலையைத் தொடங்க முடியாது.

பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸை ஒட்டிவிடலாம் என்று சொல்வார்கள். நாணயத்தால் தட்டிப் பார்த்து எங்கும் பொள்ளல் சத்தம் வராத சுவர் என்றால் சரி. தரைக்கு வேண்டாம். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து அறை மட்டத்தைத் தொட்டுவிடும், கதவின் அடியை அறுக்க வேண்டிவரும், குளித்த தண்ணீர் படுக்கையறைக்கு வரும்.

அளவு

தரை 40 சதுர அடி. நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி, ஏழடி உயரத்துக்கு 182 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 165. இரண்டும் சேர்ந்து 205, வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 225 சதுர அடி. இதைவிட அதிகம் வாங்கச் சொன்னால் கணக்கைக் கேளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிறகு வாங்கும் இரண்டு பெட்டி வேறு நிறச் சாயலில் வந்தால் சுவரில் பளிச்சென்று தெரியும்.

சங்கனைத் திறக்காத முழு வேலைக்கு, ரூபாயில்:

டைல்ஸ், பழைய பூச்சு உடைக்கக் கூலி: 6,000–9,000
இடிபாடு ஏற்றி அகற்ற: 3,000–6,000
சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்), கழிவுக் குழாய், ஃபிட்டிங்ஸ்: 10,000–15,000
பிளம்பர் கூலி, குழாய் பதிப்பதும் கடைசியில் மாட்டுவதும்: 10,000–15,000
வாட்டர்ப்ரூஃபிங், பொருளும் கூலியும்: 7,000–11,000
சிமெண்ட், மணல்: 5,000–7,000
பூச்சு, தரை மட்டம் கூலி: 8,000–10,000
டைல்ஸ் 225 சதுர அடி: 11,000–16,000
அட்ஹெசிவ் (டைல்ஸ் ஒட்டும் பசை), க்ரௌட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை): 4,500–6,000
டைல்ஸ் ஒட்டக் கூலி, சதுர அடிக்கு 40–50: 8,000–10,000
க்ளோசெட், வாஷ்பேசின்: 10,000–20,000
டைவர்ட்டர் (தண்ணீரை டேப்புக்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வு), ஷவர், டேப், ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் வால்வு: 15,000–28,000
ஒயரிங், எக்ஸாஸ்ட் ஃபேன்: 5,500–9,500
பிவிசி அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) கதவு: 6,000–12,000

கூட்டினால் ஏறக்குறைய 1.1 லட்சம் முதல் 1.75 லட்சம். சங்கனைத் திறந்தால் இன்னும் 15,000 முதல் 25,000 ரூபாய் ஏறும். டைல்ஸ் இந்தப் பட்டியலில் பத்தில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடுதலான டைல்ஸ் எடுத்தால் மொத்தத்தில் 2,250 ரூபாய்தான் வித்தியாசம். டேப், டைவர்ட்டர் வரிசையில் ஒரு படி மேலே போனால் பத்தாயிரம் போய்விடும். டைல்ஸ், குழாய், ஃபிட்டிங்ஸ் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கடைக்காரர் சொல்லும் விலை வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

விலைப்பட்டியலில் வழக்கமாக விட்டுப்போவது இடிபாடு. இந்த அளவு பாத்ரூமில் டைல்ஸும் பூச்சும் மட்டுமே 35, 40 சாக்கு வரும், குட்டி யானை வண்டியில் இரண்டு நடை. சங்கன் ஜல்லியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி. லிஃப்டில் ஏற்ற அசோசியேஷன் விடாவிட்டால் மாடிக்கு மாடி சுமைக்கூலி தனி. தெருவோரத்தில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

வேலை நடக்கும் வரிசையும், கெடும் இடங்களும்

உடைப்பு முடிந்ததும் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிப்பார்கள். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் சிபிவிசி போடுவது நல்லது. டேப் மாட்டும் இடத்தில் எல்லாம் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் வேண்டும். முழு பிளாஸ்டிக் மரை நாற்பது, ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கும், டேப்பை ஒருமுறை இறுக்கும்போது விரிசல் விடும். ஒட்டிய மூட்டுகளை ஒரு நாள் காயவிட்டு, கைபம்ப் வைத்து 10 கிலோ அழுத்தம் ஏற்றி, இரவு முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்காமல் இருக்க வேண்டும். பம்ப் பிளம்பரிடம் இல்லாவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும். பூசி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் அளவுகோலைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கண்ணாடி மாட்டத் துளை போடும்போது அது காப்பாற்றும்.

க்ளோசெட்டின் கழிவுக் குழாய் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அதிகம் தவறுகிற அளவு. தரையில் இறங்கும் எஸ்-ட்ராப் மாடல்களில் இந்தத் தூரம் பெரும்பாலும் 9 அங்குலம் அல்லது 12 அங்குலம். அளவு குழாயின் மையத்திலிருந்து, டைல்ஸ் ஒட்டி முடித்த சுவர் வரை. பிளம்பர் வெறும் செங்கல் சுவரிலிருந்து 9 அங்குலம் அளந்து வைத்துவிட்டால், பூச்சு முக்கால் அங்குலம், டைல்ஸும் பசையும் அரை அங்குலம் சேர்ந்து மீதி ஏழே முக்கால்தான் இருக்கும். க்ளோசெட் உட்காராது, தரையைத் திரும்ப உடைக்க வேண்டும். செங்கலிலிருந்து பத்தேகால் வைத்தால் சரியாக வரும். அதனால் உடைப்பு தொடங்குவதற்கு முன்பே க்ளோசெட்டை வாங்கி, அதன் அளவுத்தாளை பிளம்பர் கையில் கொடுத்துவிடுங்கள். சுவருக்குள் புதையும் டைவர்ட்டருக்கும் இதே கதைதான். அதன் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடு இருக்கும். முடிந்த டைல்ஸ் மட்டம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும்.

ரெயின் ஷவர் ஆசை இருந்தால் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி ஷவரைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் தொட்டிக்கும் ஷவருக்கும் பத்தடிகூட இருக்காது, 0.3 பார்கூட வராது. பம்ப் வைக்காமல் பெரிய ஷவர் வாங்குவது வீண் செலவு.

கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்ட், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி எம்சிபி, சரியான எர்த். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இல்லாவிட்டால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் இடத்தில் உயிரைக் காப்பது அதுதான், இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

வாட்டர்ப்ரூஃபிங் என்றால் சிமெண்ட் பாலில் ஒரு டப்பா கெமிக்கல் கலந்து ஊற்றுவது என்றே பல இடங்களில் நடக்கிறது. செய்ய வேண்டியது இது: தூளும் திரவமுமாக வரும் அக்ரிலிக் சிமெண்ட் பூச்சை, ஒரு கோட் நீளவாக்கிலும், காய்ந்தபின் அடுத்த கோட் குறுக்காகவும் அடிக்க வேண்டும். தரை முழுக்க, சுவரில் ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி உயரம். கிட்டத்தட்ட நூறு சதுர அடி வரும், 15 கிலோ பேக் ஒன்று தேவைப்படும். மேஸ்திரி 3 கிலோ டப்பாவோடு வந்தால் வேலையை நிறுத்துங்கள். கழிவுக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்களிலும், தரையும் சுவரும் சேரும் மூலையிலும்தான் முதலில் கசியும். அந்த இடங்களைப் பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, மூலையைச் சரிவாக உருட்டிய பிறகே பூச்சு அடிக்க வேண்டும்.

காய்ந்ததும் தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பின் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். கோடு ஒரு நூல் இறங்குவது ஆவியானதாக இருக்கலாம். கீழ்வீட்டு சீலிங்கைப் போய்ப் பாருங்கள், குழாய் இறங்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சங்கனைத் திறந்திருந்தால் இந்தச் சோதனை இரண்டு முறை: தாழ்ந்த தளத்தில் ஒருமுறை, நிரப்பி மட்டம் போட்ட பிறகு ஒருமுறை. நிரப்புவதற்கு முன் பூச்சின் மேல் ஒரு அங்குல காப்புக் கலவை போட வேண்டும். உடைத்த டைல்ஸ் துண்டுகளையே உள்ளே தள்ளி வண்டிக் கூலியை மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள். கூர்முனைகள் பூச்சையும் குழாயையும் குத்திவிடும், அனுமதிக்காதீர்கள். எடை குறைந்த ஏஏசி பிளாக் துண்டுகள் நல்லது.

தரைச் சரிவு 80-க்கு 1. எட்டடிக்கு ஒன்றேகால் அங்குலம். டைல்ஸ் ஒட்டும் முன்பே ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், ட்ராப் பக்கம் ஓட வேண்டும். நஹானி ட்ராப் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும்.

விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. சுவரில் அட்ஹெசிவ்தான் ஒட்ட வேண்டும். 20 கிலோ மூட்டை சுமார் 45 சதுர அடிக்கு வரும், மொத்தம் ஐந்து மூட்டை. பசையை டைல்ஸின் நடுவில் ஐந்து உருண்டையாக வைத்து அழுத்தும் பழக்கம் இருக்கிறது. மூலைகள் பொள்ளலாகி, பக்கெட் இடித்தாலே உடையும். பல் கரண்டியால் முழுக்கப் பரப்பச் சொல்லுங்கள். போர்வெல் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடு என்றால் எபாக்சி க்ரௌட்டே போடுங்கள். சிமெண்ட் க்ரௌட்டை ஆசிட் அரித்துவிடும், அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கும்.

பணம் கொடுக்கும் முறை

கூலி தனி, பொருள் தனி என்று எழுதி வாங்குங்கள். இடிபாடு, சுமைக்கூலி, கதவுச் சட்டம், கடைசியில் க்ளோசெட்டும் டேப்பும் மாட்டுவது ஆகிய நான்கும் தொகைக்குள் அடங்குமா என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். வேலைக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் காயவிடும் நாட்களையும் தண்ணீர் கட்டும் நாட்களையும் வெட்டித்தான் முடிப்பார். மொத்தத்தில் பத்து சதவீதம் கைவசம் தனியாக இருக்கட்டும். உடைத்த பிறகு தெரியும் துருப்பிடித்த கம்பிக்கும் உளுத்த சட்டத்துக்கும் அது போகும்.

கூலியில் இருபது சதவீதம் முன்பணம். அழுத்தச் சோதனை தேறியதும் ஒரு பங்கு, தண்ணீர் கட்டிய சோதனை தேறியதும் ஒரு பங்கு, டைல்ஸ் முடிந்து நாணயத்தால் தட்டிப் பார்த்ததும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதம், பாத்ரூமைப் பயன்படுத்தத் தொடங்கிப் பதினைந்து நாள் கழித்து. அதற்குள் க்ளோசெட் அடியில் ஈரம் ஊறுகிறதா, ஆங்கிள் வால்வுகள் சொட்டுகின்றனவா, கீசர் ஓடும்போது ஆர்சிசிபி விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மிஞ்சிய டைல்ஸில் ஐந்தாறைப் பரணில் எடுத்து வையுங்கள், பெட்டியில் இருக்கும் ஷேட் எண்ணோடு.