பயாப்சி ரிப்போர்ட்டில் கட்டியைச் சுற்றியும் படியுங்கள்

கோத்தகிரிப் பக்கம் 30 வருஷம் கொழுந்து பறித்தவர் என் அம்மா. மார்பில் கட்டி வந்தபோது என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். கூழாங்கல் போல இருந்தது, தள்ளினாலும் நகரவில்லை.

ரிப்போர்ட் வந்ததும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றையும்தான் தேடினேன். முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடிக்கும் ஏற்பிகள்; ஹெர்-2 செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அவை முக்கியம்தான். ஆனால் கட்டி தனியாக வளர்வதில்லை. சுற்றியிருக்கும் செல்லும் நாரும் ரத்தக்குழாயும் அதற்குத் துணை போகும். சில செல்கள் எதிர்த்தும் நிற்கும். அந்த வரிகளையும் தேடுங்கள்.

முதலில் ‘ஸ்ட்ரோமா’ (கட்டியைத் தாங்கி நிற்கும் திசு) அல்லது ‘டெஸ்மோபிளாசியா’ (அதில் நார் பெருகுவது). காயம் ஆறும்போது தழும்பு கட்டுகிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவை கொலாஜன் நாரைக் குவிக்கின்றன. என் விரலுக்குத் தட்டுப்பட்ட கடினம் பெரும்பாலும் இந்த நார்தான். அந்த இறுக்கமே புற்றுச் செல்களை நகரத் தூண்டும்.

அப்புறம் ‘டி.ஐ.எல்.’. கட்டிக்குள் புகுந்த நோய் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை சதவீதம் என்பது. நான் அதைப் புற்றின் அளவு என்று நினைத்து இரண்டு நாள் அம்மாவிடம் மறைத்தேன். உண்மையில் டிரிப்பிள் நெகட்டிவ் (அந்த மூன்றும் இல்லாதது), ஹெர்-2 பாசிட்டிவ் வகைகளில் அது கூடுதலாக இருப்பது பொதுவாக நல்ல அறிகுறி. ரிப்போர்ட்டில் இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

‘லிம்போவாஸ்குலர் இன்வேஷன்’ என்றால் நிணநீர் அல்லது ரத்தக் குழாய்க்குள் புற்றுச் செல் தெரிந்ததா என்பது. ஆபரேஷனுக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் 2/12 என்றிருந்தால், சோதித்த 12 அக்குள் நிணநீர்க் கணுக்களில் 2-இல் புற்று இருக்கிறது.

மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புத் திசுதான் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். ஈ.ஆர். பாசிட்டிவ் கட்டிக்கு அது தீனி. லெட்ரோசோல் மாத்திரை ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைத்தான் தடுக்கிறது. ஆனால் எலும்பு தேயும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1889-இல் ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, விதை எங்கும் போகலாம், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்றார். இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: “சுண்ணாம்பு மண்ணுல தேயிலை வருமா? அது மாதிரிதானே?” அதேதான். மார்பகப் புற்றுக்கு ஒத்த மண்ணில் முதலில் வருவது எலும்பு; நுரையீரல், கல்லீரல், மூளையும் உண்டு.

அதனால் கூடை சுமந்த முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். ராத்திரி படுத்தும் குறையாமல், நாளுக்கு நாள் கூடினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.