மாமாக் கடை மேசையில் செஸ் அலசல்: கைப்பேசியைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள்

வெள்ளிக்கிழமை செஸ் ஆட்டங்கள் முடிந்ததும் எங்கள் குழு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் போய் உட்காரும். ஒருவர் சுருட்டி வைத்த பலகையைப் பையிலிருந்து எடுத்து விரிப்பார், தே தாரிக் வரும், அலசல் தொடங்கும். தொடங்க வேண்டும். ஆனால் பல வாரங்களில் தேத்தண்ணி வருவதற்குள் யாராவது ஒருவர் நகர்வுகளைக் கைப்பேசியில் தட்டிவிடுகிறார். "23ஆவது நகர்வுல போச்சு அண்ணே, ஸ்டாக்ஃபிஷ் வெள்ளைக்குப் பிளஸ் ஒன்றரை காட்டுது." ஸ்டாக்ஃபிஷ் என்பது எஞ்சின், அதாவது நகர்வுகளை மதிப்பிடும் செஸ் நிரல்; பிளஸ் ஒன்றரை என்றால் வெள்ளை ஏறக்குறைய ஒன்றரைச் சிப்பாய் அளவு முன்னே. தோற்றவர் தலையாட்டுவார். மூன்று நிமிடத்தில் பேச்சு காற்பந்துக்குப் போய்விடும்.

தவறுகளில் பெரியது இதுதான். நல்ல நகர்வு எது என்று எஞ்சினுக்குத் தெரியும். நீங்கள் ஏன் அதை ஆடவில்லை என்று அதற்குத் தெரியாது. குதிரையைப் பார்க்கவே இல்லையா, பார்த்துவிட்டுப் பயந்தீர்களா, நேரம் போதவில்லையா? அது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அன்றிரவு வரைதான். தூங்கி எழுந்தால் தோல்விக்கு இன்னும் கௌரவமான காரணம் ஒன்று தயாராகியிருக்கும்.

2024 டிசம்பரில் பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உலகப் பட்டத்தின் 14ஆவது ஆட்டம், 55ஆவது நகர்வு. அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். திரையில் யார் முன்னே என்று காட்டும் எஞ்சின் பட்டை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அது தப்பு என்று உடனே தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்கோ உடனே தெரியவில்லை. வேறு நகர்வை ஆட இருந்ததாக அவரே பிறகு சொன்னார். அப்புறம்தான் யானைகளை வெட்டிக்கொண்டால் மூலையில் நிற்கும் டிங்கின் மந்திரிக்கும் தப்ப வழியில்லை, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் முடிவில் தனக்கு ஒரு சிப்பாய் அதிகம் என்று கண்டார். பட்டையைப் பார்த்து ஒரு நொடியில் சிரித்தவர்களுக்கு இந்த இடைவெளி தெரிந்திருக்காது. அலசலில் நாம் தேட வேண்டியது அதைத்தான். அதனால் ஆடிய இருவரையும் முதலில் பேசவிடுங்கள். முக்கியமாகத் தோற்றவரை. தரப்புள்ளி கூடிய அண்ணன் ஒருவர் குறுக்கே கைவிட்டு "இல்ல இல்ல, இப்படி" என்று காய்களைத் தள்ள ஆரம்பித்தால், அது அவருடைய ஆட்டமாகிவிடும். ஐந்து நகர்வு தள்ளியபின் பழைய நிலைக்குத் திரும்ப யாராலும் முடியாது. நாங்கள் இப்போது இரண்டு பலகை வைக்கிறோம். ஒன்றில் ஆட்ட நிலை அசையாமல் நிற்கும், தள்ளுவதெல்லாம் மற்றதில்.

நகர்வுகளை எழுதும் ஆட்டத்தாளைப் பற்றி யாரும் அக்கறைப்படுவதில்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி சேர்த்துத் தரப்படாத ஆட்டத்தில் கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் எழுதுவதை நிறுத்திவிடலாம். எங்கள் ஆட்டங்கள் அப்படிப்பட்டவைதான். விளைவு, ஆட்டம் உண்மையில் முடிவாகிற இடத்தில் தாள் வெறுமையாக இருக்கும். கைகுலுக்கிய கையோடு எதிராளியிடம் கேட்டு மிச்சத்தை எழுதிவிடுங்கள், ஆனால் மற்றவர்கள் ஆடும் கூடத்துக்கு வெளியே வந்து. கடிகார நேரத்தையும் ஓரத்தில் குறிக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஒரு சாதாரண நகர்வுக்குப் பதினான்கு நிமிடம் போயிருந்தால், நோய் அங்கேயே இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. நமக்கு யானை என்றால் மூலையில் நிற்கும் காய். மலாய் நண்பருக்கு 'காஜா', அதாவது யானை, நாம் மந்திரி என்கிற காய். அவர் 'மெந்திரி' என்றால் நம் ராணி. சீனத்திலும் நம் மந்திரிக்கு யானை என்றுதான் பெயர். ஒருமுறை "யானையைக் கொடுத்திருக்கலாம்" என்பதில் பத்து நிமிடம் சண்டை, இருவரும் வேறு வேறு காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காயின் பெயரை விடுங்கள், கட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த 23ஆவது நகர்வுக்கு வருகிறேன். அது என் ஆட்டம், நான் கறுப்பு. அங்கே ஒரு சிப்பாயை இழந்தேன், உண்மைதான். எல்லோரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். முதல் தப்பு தெரிந்ததும் மிச்சத்தைச் சுருட்டி வைப்பது எங்கள் பழக்கம். ஆனால் நான் தோற்றது அதற்கு நாற்பது நகர்வு கழித்து. ஆளுக்கு ஒரு யானை, வெள்ளைக்கு மட்டும் ஈ5இல் ஒரு சிப்பாய், அதன் பாதையில் ஈ8இல் என் ராஜா. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய டிரா இது. கறுப்பு யானை, வெள்ளைப் பக்கமிருந்து எண்ணினால், ஆறாவது வரிசையில் நின்று வெள்ளை ராஜாவை மேலே வரவிடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் ஆறாவதுக்கு வந்ததும் யானை முதல் வரிசைக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். ஒளிய இடமில்லாமல் வெள்ளை ராஜா அலைவார்.

நான் யானையை எட்டாவது வரிசையில் முடக்கினேன். ஏன் என்று எதிராளி கேட்டார், அவர் அப்பா வயது மனிதர். யோசித்தேன். ஓரத்துச் சிப்பாய்க்கும் அதற்கு அடுத்ததற்கும் அப்படிப் பின்வரிசையில் பதுங்கினால் தாங்கும் என்று எப்போதோ கற்றிருந்தேன், நடுச் சிப்பாய்க்கும் அதையே போட்டுவிட்டேன். அந்தப் பதில் வந்த பிறகுதான் கைப்பேசியைத் திருப்பினோம். காய்கள் ஏழோ அதற்குக் குறைவோ என்றால் லிசெஸ் இணையதளத்தில் டேபிள்பேஸ், அதாவது முழுக்கக் கணக்கிட்டு வைத்த முடிவுகளின் தொகுப்பு, இலவசமாகவே முடிவைச் சொல்லிவிடும், அது மதிப்பீடு அல்ல, தீர்ப்பு. யானையை நான் முடக்குவதற்கு முன்பிருந்த நிலைக்கு டிரா என்றே காட்டியது.

"நீங்க ஆறாவதுல நிறுத்தியிருந்தா, டிரா கேட்கலாம்னு நினைச்சிருந்தேன் தம்பி," என்றார் அவர், ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே.