பழைய வளைவு விறாந்தைகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசும் முறை

மட்டக்களப்பின் புளியந்தீவிலோ கோட்டைமுனையிலோ தூண்களும் வளைவுகளும் கொண்ட பழைய வீடொன்று உங்கள் பொறுப்பில் இருந்து, அதன் தூணடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறதென்றால், சீமெந்து வாங்க வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர், வாவியோர நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியே வெளியேற்றிவிடும். சீமெந்து அந்த வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏற, அதனோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து இறுகிச் செங்கல்லையே மாவாக்குகிறது. வெளியில் வழுவழுப்பாக நின்ற தூண்கள் உள்ளே இப்படிக் கரைந்திருந்ததைக் கண்டு நான் மனம் நொந்திருக்கிறேன்.

வீடு தொல்பொருட் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதா எனத் தொல்பொருளியல் திணைக்களத்தில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கூரை ஓட்டையும் பீலியையும் திருத்துங்கள். மேலிருந்து நீர் ஒழுகும்வரை கீழே பூசுவது வீண்.

வளைவின் உச்சியில் வெடிப்பு இருந்தால் அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மாரி முழுவதும் கவனியுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினால் வளைவுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்து, பொறியியலாளரை அழைக்க வேண்டும்; அதைச் சாந்தால் மூடி மறைப்பது ஆபத்தானது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் அணிய வேண்டும். நீற்றியதை நீர் மூடிநிற்க ஒரு மாதமாவது ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆற்றுமணல் சேர்த்துக் குழையுங்கள். கடற்கரை மணல் கூடாது. அது உப்பை நீங்களே சுவருக்குள் வைப்பதாகும்.

பழைய பூச்சில் இளகியதை மட்டும் தட்டி அகற்றி, உப்பை உலர்ந்த தும்புத் தூரிகையால் துடைத்து, சுவரை நனைத்த பின், ஒரு படைக்கு அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பூசுங்கள். முதற்படை இறுகிய பின்னரே அடுத்தது. மாரி ஓய்ந்த பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு உகந்தவை. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் சாந்து விரைவில் காய்ந்து வெடிக்கும் என்பதால், வளைவுகளின் குறுக்கே நனைத்த சணல் சாக்குகளைத் தொங்கவிட்டு ஒரு வாரமேனும் ஈரம் காக்க வேண்டும்.

இறுதியாக, வடிகட்டிய சுண்ணாம்பைப் பால்போல் கரைத்து மூன்று நான்கு முறை மெல்லியதாக வெள்ளையடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் ஈரம் மறுபடியும் உள்ளே அடைபடும்.