என்ஜின்எக்ஸை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக அமைப்பது

உபுண்டு செர்வரில் 3000 போர்ட்டில் ஒரு நோட்ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை செர்வரில் ஓட்டும் மென்பொருள்) ஆப் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை உங்கள் டொமைன் பெயரில், ஹெச்டிடிபிஎஸ் பாதுகாப்போடு வெளியே தர வேண்டும். 80 (ஹெச்டிடிபி), 443 (ஹெச்டிடிபிஎஸ்) போர்ட்களில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் செர்வர் நிற்கும். வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே 3000-க்கு அனுப்பும். இப்படி முன்னால் நின்று கைமாற்றுவதுதான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. அமைக்கப் பத்து நிமிடம் போதும். முன்னால் ஒருவர் நிற்பது ஆப்புக்குத் தெரியாமல் போவதால்தான் பிறகு வரும் சிக்கல்களில் பாதி.

முதலில் ஆப் தனியாக ஓடுகிறதா பாருங்கள். செர்வருக்குள்ளிருந்தே 127.0.0.1:3000 முகவரிக்கு (127.0.0.1 என்பது செர்வர் தன்னையே குறிக்கும் உள் முகவரி) 'கர்ல்' என்ற கட்டளையால் ஒரு கோரிக்கை அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை என்ஜின்எக்ஸ் பக்கம் போக வேண்டாம். ஆப் 127.0.0.1-இல் மட்டும் கேட்கட்டும். 0.0.0.0 (எல்லா முகவரிகளிலும் கேட்பது) என்று விட்டால், ஃபயர்வால் தடுக்காதவரை, யார் வேண்டுமானாலும் ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே வரலாம். ஆப்பை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுவோர் இதில் ஏமாறுவதுண்டு: 3000:3000 என்று போர்ட்டைத் திறந்தால் அது 'யுஎஃப்டபிள்யூ' (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) விதிகளையும் தாண்டி வெளியே தெரியும். 127.0.0.1:3000:3000 என்று எழுதுங்கள்.

ஆப்ட் (உபுண்டுவின் நிறுவல் கட்டளை) மூலம் என்ஜின்எக்ஸை நிறுவியபின், அதன் 'சைட்ஸ்-அவைலபிள்' கோப்புறையில் புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள். ஒரு 'செர்வர்' பகுதி. அதற்குள் 'லிசன் 80', 'செர்வர் நேம்' வரியில் உங்கள் டொமைன், 'லொகேஷன் /' பகுதி. அந்த லொகேஷனுக்குள் 'ப்ராக்ஸி பாஸ்' வரியில் ஹெச்டிடிபி முன்னொட்டோடு 127.0.0.1:3000. (பல சொல் கொண்ட கட்டளைப் பெயர்களில் சொற்களின் நடுவே அடிக்கோடு வரும், ஒவ்வொரு கட்டளை வரியும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும். 'செர்வர்', 'லொகேஷன்' பகுதிகள் மட்டும் நெளி அடைப்புக்குறிக்குள் வரும்.) கோப்புக்கு 'சைட்ஸ்-எனேபிள்ட்' கோப்புறையில் ஒரு சிம்லிங்க் (மூலக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டு, 'என்ஜின்எக்ஸ் -டி' கொடுத்துச் சோதித்து, பிழை இல்லையென்றால் ரீலோட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் செய்தால் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் அறுபடாது.

'ப்ராக்ஸி பாஸ்' முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்கிறதா இல்லையா என்பது சின்ன விஷயம் அல்ல. 'லொகேஷன் /கடை/' என்று வைத்து, முகவரியைச் சாய்கோடு இல்லாமல் விட்டால் ஆப்புக்கு /கடை/பட்டியல் என்றே போகும். சாய்கோடு போட்டால் /கடை/ வெட்டப்பட்டு /பட்டியல் மட்டும் போகும். லொகேஷனை '/கடை' என்று முடித்துவிட்டு முகவரியில் மட்டும் சாய்கோடு வைத்தால் //பட்டியல் என்று இரட்டைக் கோடு போய் 404 (பக்கம் இல்லை) வரலாம். இரண்டிலும் வையுங்கள், அல்லது இரண்டிலும் விடுங்கள்.

அடுத்தது ஹெடர்கள், அதாவது ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் விவரக் குறிப்புகள். எதுவும் எழுதாவிட்டால் ஆப்புக்கு ஹோஸ்ட் பெயராக 127.0.0.1:3000 தான் போகும்; எல்லா வருகையாளரும் 127.0.0.1-இலிருந்து வந்ததாகவே அதன் லாக்கில் பதிவாகும். ஆகவே 'ப்ராக்ஸி செட் ஹெடர்' வரிகளில் ஹோஸ்ட் (டொமைன் பெயர்), எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் (வருகையாளரின் ஐபி), எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ (ஹெச்டிடிபியா ஹெச்டிடிபிஎஸ்ஸா) மூன்றையும் அனுப்புங்கள். ஆப்பும் அவற்றை நம்ப வேண்டும். எக்ஸ்பிரஸில் (நோட்ஜேஎஸுக்கான வெப் ஃப்ரேம்வொர்க்) 'ட்ரஸ்ட் ப்ராக்ஸி' மதிப்பை 1 என்று வைத்தால் போதும். எல்லாவற்றையும் நம்பச் சொல்லிவிட்டால் ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் யாரும் பொய் ஐபி எழுதி அனுப்பலாம். இன்னொரு பொறி: லொகேஷனுக்குள் ஒரே ஒரு 'ப்ராக்ஸி செட் ஹெடர்' எழுதினாலும், மேலே செர்வர் பகுதியில் எழுதியவை அத்தனையும் அங்கே செல்லாது. மறுபடி எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஆப்பில் வெப்சாக்கெட் (இருபுறமும் திறந்தே இருக்கும் இணைப்பு) இருந்தால் 'ப்ராக்ஸி ஹெச்டிடிபி வெர்ஷன்' 1.1 என்று வைத்து, அப்கிரேட், கனெக்‌ஷன் ஹெடர்களையும் சேருங்கள்.

ஹெச்டிடிபிஎஸ் பூட்டுக்கு செர்ட்பாட் போதும்; லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடமிருந்து இலவசச் சான்றிதழை வாங்கித் தரும் கருவி அது. டொமைன் இந்த செர்வரைச் சுட்ட வேண்டும், 80 போர்ட் திறந்திருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள். உபுண்டுவில் நிறுவும்போதே தானாகப் புதுப்பிக்கும் டைமரும் அமைந்துவிடும். சான்றிதழ் வந்த கையோடு பிரவுசர் ரீடைரக்ட் சுழலில் சிக்கினால், ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஆப்பை எட்டவில்லை. வந்ததை ஹெச்டிடிபி என்றே நினைத்து அது திருப்பித் திருப்பி அனுப்புகிறது.

பிரவுசரில் 502 பிழை (என்ஜின்எக்ஸுக்கு ஆப்பிடமிருந்து சரியான பதில் வரவில்லை) வந்தால் என்ஜின்எக்ஸின் எரர் லாக்கைத் திறங்கள். பிழை எண் 111 என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை: ஆப் விழுந்திருக்கும், அல்லது எண் தவறு. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தால் ஐபிவி6 முகவரிக்கும் முயற்சி போகும், 127.0.0.1 என்றே எழுதுவது நல்லது. ரெட்ஹேட், ஃபெடோரா வகைகளில் எண் 13 வந்தால் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) தடுக்கிறது. 'ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்' அனுமதியை இயக்குங்கள், எஸ்இலினக்ஸையே அணைத்துவிட வேண்டாம். கோப்பு ஏற்றும்போது 413 வந்தால் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. அந்த வரம்பான 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' இயல்பாக 1 எம்பிதான்; தேவைக்கேற்பக் கூட்டுங்கள். 504 என்றால் ஆப் 60 விநாடி வாய் திறக்கவில்லை. 'ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்'டைக் கூட்டலாம்தான்; அதற்குமுன் அந்த வேலை ஏன் ஒரு நிமிடம் இழுக்கிறது என்று ஆப்பில் தேடுங்கள்.