வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அசிட்ரோம்: வீட்டில் கவனித்துக்கொள்வது எப்படி?

இதயத்தில் மெக்கானிக்கல் வால்வு என்ற செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தில் 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நம் நாட்டு வால்வானாலும் சரி, வெளிநாட்டு வால்வானாலும் சரி, இதில் விலக்கு கிடையாது. நம் ஊரில் அதிகம் எழுதித் தருவது அசிட்ரோம், சிலருக்கு வார்ஃபரின்.

"அடிக்கடி ரத்த டெஸ்டே எடுக்க வேண்டாத புது மாத்திரை வந்திருக்காமே?" என்று பலர் கேட்கிறார்கள். மெக்கானிக்கல் வால்வுக்கு அது கூடாது. டாபிகாட்ரான் என்ற புது மருந்தை வால்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே வார்ஃபரினைவிடக் கூடியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் முடிவு 2013-இல் வெளியானது.

ஆகவே பழைய மாத்திரையைத்தான் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். கீழே உள்ளவற்றை உங்கள் மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகு தொடங்குங்கள்.

படி 1: உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐ.என்.ஆர். என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கச் சொல்வார்கள். அயோர்ட்டிக் வால்வுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3. உங்களுக்கு எது என்று மருத்துவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்கு ஆகாது.

படி 2: கிழமை போட்டு எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "ஒரு நாள் 2 மி.கி., ஒரு நாள் 3 மி.கி., மாற்றி மாற்றி" என்று மருந்துச் சீட்டில் இருக்கும். வாரத்துக்கு 7 நாள் என்பதால், போன திங்கள் 3 சாப்பிட்டவர் இந்தத் திங்கள் 2 சாப்பிட வேண்டியிருக்கும். நேற்று எது என்ற சந்தேகம் வந்துவிட்டால் அவ்வளவுதான். அதைக் கிழமைக்கு மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு நோட்டில் இப்படி எழுதலாம்:

திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு: 3 மி.கி.
செவ்வாய், வியாழன், சனி: 2 மி.கி.
வார மொத்தம்: 18 மி.கி.

2-க்கும் 3-க்கும் அட்டை தனித்தனி. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். அட்டையை வெட்டும்போது மில்லிகிராம் அச்சிட்ட பக்கத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். கடைசி மாத்திரை வரை அந்த எழுத்து கண்ணில் பட வேண்டும்.

மாத்திரையைச் சாயங்காலம் வைத்துக்கொள்வது நல்லது. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியத்துக்குள் ரிப்போர்ட் வரும், அளவை மாற்றச் சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடலாம். மறந்துவிட்டு அதே இரவு நினைவு வந்தால் சாப்பிடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை நோட்டில் குறியுங்கள். சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

படி 3: ஐ.என்.ஆர். டெஸ்ட்

லேபில் கொடுப்பவர்கள் முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள். வீட்டிலேயே பார்க்க கோவாகுசெக் போன்ற கருவி இருக்கிறது. ஸ்ட்ரிப் விலை கூடுதல்தான். சர்க்கரை பார்க்கும் கருவியில் இதைப் பார்க்க முடியாது.

கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி நன்றாகத் துடையுங்கள். சற்று நேரம் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டையே 15 விநாடிக்குள் ஸ்ட்ரிப்பில் வையுங்கள். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்த சொட்டு தப்பான எண்ணைக் காட்டலாம். தொடக்கத்தில் லேப் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருவி 4.5-க்கு மேல் காட்டினால் லேபில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 4: எண் விலகினால்

இன்று மாற்றிய அளவு நாளை டெஸ்டில் தெரியாது, 2-3 நாளாகும். எனவே தினமும் கூட்டிக் குறைத்து விளையாடக் கூடாது. நிலையாக இருந்தவருக்கு 0.2, 0.3 விலகினால் பல மருத்துவர்கள் அளவைத் தொடாமல் ஓரிரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். மாற்ற வேண்டியிருந்தாலும் வார மொத்தத்தில் 5 முதல் 15 சதவீதம்தான், 18 மி.கி. சாப்பிடுபவருக்கு வாரத்துக்கு 1 அல்லது 2 மி.கி. எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று மருத்துவர் அட்டவணை போட்டுத் தந்திருந்தால் மட்டும் நீங்களே மாற்றுங்கள். 2-க்குக் கீழே போனாலோ 5-ஐத் தாண்டினாலோ அன்றைக்கே போன் செய்யுங்கள்.

படி 5: கீரையை நிறுத்தாதீர்கள்

கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் ரத்தம் உறைவதற்கான புரதங்களை முழுமையாக்குகிறது. மாத்திரை அதைத் தடுக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. அதனால்தான் "கீரையே தொடாதே" என்று பயமுறுத்துகிறார்கள். பயப்பட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி முருங்கைக்கீரைப் பொரியல் என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும், மாத்திரை அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிட்டால்தான் எண் தடுமாறும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாள்கணக்கில் விரதம் என்று சாப்பாடு குறைந்தால் எண் ஏறலாம். அப்போது முன்கூட்டியே டெஸ்ட் எடுங்கள்.

படி 6: வேறு மாத்திரை, வேறு ஊசி

மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃபுளுகோனசோல் எல்லாம் எண்ணை வேகமாக ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபைன் இறக்கிவிடும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வலி மாத்திரைகளால் வயிற்றில் ரத்தம் கசியலாம். நாட்டு மருந்து, மஞ்சள்தூள் காப்ஸ்யூல் எதுவானாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். காய்ச்சலுக்குப் போனால் இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால், ஊசியை எடுக்கும் முன்பே அசிட்ரோம் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்குவதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும், இந்த மருந்து கருவைப் பாதிக்கும்.

படி 7: எப்போது ஓட வேண்டும்

தார் போலக் கறுப்பாக மலம், சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், வழக்கத்தைவிடப் பல மடங்கு மாதவிடாய்: உடனே மருத்துவமனை. வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது, திடீர் மூச்சுத்திணறல், வால்வின் டிக் டிக் சத்தம் மங்குவது: இவை வால்விலோ மூளையிலோ ரத்தக்கட்டி என்பதன் அறிகுறியாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டால் வெளிக்காயமே இல்லையென்றாலும் போங்கள், மாத்திரையின் பெயரைச் சொல்லி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.