பி.பி.எல். வருகிறார் என்றதும் பயிற்சி மையங்கள் செய்யும் தவறுகள்

பினாங்கின் பிறையில் ஒரு லேத் பட்டறை. அங்கே பயிற்றுநராக இருந்த அண்ணனுக்கு 20 வருட அனுபவம். பி.பி.எல்., அதாவது வெளியிலிருந்து சரிபார்க்க வரும் அதிகாரி, அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "இந்தப் பையனுக்கு வேலை கைவந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" அண்ணன் யோசிக்கவே இல்லை. "பார்த்தாலே தெரியும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அறிக்கையில் அதை எப்படி எழுதுவது? ஒருங்கிணைப்பாளராகப் பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரம் உட்கார்ந்து கோப்புகளைத் தயார் செய்த நான், இவரோடு அரை மணி நேரம்கூடப் பேசவில்லை.

எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை, ஜெர்மனியின் முறையைப் பின்பற்றி 2005இல் மலேசியாவில் தொடங்கியது. இதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்தில்தான் நடக்கிறது. மிச்சம்தான் வகுப்பறை. அப்படியென்றால் பையன் என்ன கற்றான் என்பதற்கு முதல் சாட்சி மெஷின் பக்கத்தில் நிற்பவர். அவரை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் அடுக்குவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அந்த அண்ணன் தினமும் காலையில் என்ன செய்வார் தெரியுமா? பையனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, இரண்டு முகங்களையும் துடைத்து மூடச் சொல்வார். கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார். 0.02 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், "இதை அப்படியே விட்டால் உன் ஷாப்ட் என்ன ஆகும்?" என்று கேட்பார். பையன் பதில் சொன்ன பிறகுதான் லேத்தைத் தொட விடுவார். இதைவிட நல்ல மதிப்பீடு எங்கே இருக்கிறது? நோஸ் எனப்படும் தேசியத் தொழில்திறன் தரநிலை கேட்கும் செய்முறை, அறிவு, மனப்பாங்கு மூன்றும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கின்றன. ஆனால் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. 'திறன் பெற்றார்' என்று ஒரு டிக், கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

பையன் கற்றதற்கான சான்றுகளைச் சேர்க்கும் போர்ட்ஃபோலியோ கோப்பைக் கடைசி வாரத்தில் நிரப்புவது அடுத்த தவறு. ஒருமுறை நான் புரட்டிய கோப்பில் எல்லாத் திறன் அலகுகளுக்கும் ஒரே பேனா, ஒரே நாள். அந்த நாள் தைப்பூசம்! பினாங்கில் அன்று பொது விடுமுறை, பட்டறையே பூட்டிக் கிடந்தது. பழைய தேதி போட்டு ஒப்பேற்றாதீர்கள். விடுபட்டிருந்தால் விடுபட்டது என்றே எழுதுங்கள். அப்புறம் பையனை இன்று மறுபடி மதிப்பிட்டு, இன்றைய தேதியில் கையெழுத்திடுங்கள். குறை இருக்கலாம், பொய் இருக்கக் கூடாது.

பையன்களுக்குப் பதில்களை மனப்பாடம் செய்ய வைப்பதும் வேண்டாம். அதிகாரி கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் போதும், பாவம், திணறிவிடுவார்கள். "நேற்று என்ன வேலை செய்தாய், எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரிசெய்தாய்?" என்று வாரம் ஒருமுறை நீங்களே மலாயில் கேட்டுப் பழக்குங்கள். நேர்காணலில் தமிழ்ப் பையன்கள் பலர் தடுமாறுவது வேலை தெரியாமல் இல்லை, அதை மலாயில் சொல்லிப் பழகாததால்தான்.

சுமாரான பையனை அதிகாரி வரும் அன்றைக்கு லீவு போட்டு வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. எனக்கு இதில்தான் மனம் அதிகம் வலிக்கிறது. அவனுக்கு எப்படிக் கைகொடுக்கிறோம் என்பதைத்தான் ஒரு நல்ல அதிகாரி பார்க்க விரும்புவார்.

நோஸ் திருத்தப்பட்டிருக்கிறதா, அளவுக் கருவிகளின் அளவுத்திருத்த ஸ்டிக்கர் காலாவதியா, இரவு ஷிப்ட் பயிற்றுநருக்கு விஷயம் தெரியுமா, இதையெல்லாம் ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். மதிப்பிட்டவரே உள் சரிபார்ப்பிலும் கையெழுத்துப் போட்டுவிடவில்லையே என்பதையும் கவனியுங்கள்.

அண்ணனுக்கு நீளமான படிவம் என்றால் அலர்ஜி. அதனால் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சட்டைப் பையில் அடங்கும். வேலை முடிந்ததும் இரண்டு வரி எழுதுவார், வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பதிவேட்டில் ஏற்றுவோம். முதல் பக்கத்தில் அவர் எழுதியது இது: "பூஜ்யம் பார்க்காமல் அளந்தான். நிறுத்தினேன். காரணம் அவனே சொன்னான். மறுபடி அளந்தான், சரி."