‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் சொதப்பாமல் இருக்க

தை மாதம் சித்தியிடம் உ.வே.சாமிநாதையரின் சுயசரிதையான ‘என் சரித்திரம்’ கொடுத்தேன். “பிரமாதமான புஸ்தகம் சித்தி, எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தேன். பத்து நாளில் போன் வந்தது.

“ஏண்டா, கீழ வைக்க முடியாதுன்னே. எனக்குத் தூக்கவே முடியல, தலகாணி மாதிரி இருக்கு. நாப்பது பக்கம் தாண்டிட்டேன், இன்னும் ஊர்ப் பேரும் உறவுக்காரங்க பேருமாத்தான் வருது. உனக்கு இதுல என்னதான் பிடிச்சுது? அதையாவது சொல்லு.”

சட்டென்று பதில் வரவில்லை. படித்ததும் உண்மை, ரசித்ததும் உண்மை. ஆனால் ‘அருமை’, ‘பிரமாதம்’ என்பதைத் தாண்டி நாக்கில் ஒன்றுமே இல்லை.

நான் விமர்சகன் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் என்று படிக்கிற ஆள். ஆனாலும் நம்மைப் போன்றவர்களின் வாய்ச்சொல்லை நம்பித்தான் பக்கத்து வீட்டுக்காரரும் ஆபீஸ் நண்பரும் புத்தகம் வாங்குகிறார்கள். புத்தகக் காட்சியில் கிடைக்கிற 10 சதவீதக் கழிவெல்லாம் நாம் கொடுக்கும் தவறான யோசனைக்கு ஈடாகாது. சமீபத்தில் படித்த சில கதைப் புத்தகங்கள், சில கதையல்லாத புத்தகங்கள் பற்றிப் பேசும்போது நானும் என்னைச் சுற்றி இருப்பவர்களும் செய்த தவறுகள் இவை.

அருமை, விறுவிறுப்பு, வேற லெவல்

இந்த மூன்று சொற்களையும் எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டலாம். அதனாலேயே அவை எந்தப் புத்தகத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, ‘என் சரித்திரம்’ நிதானமாக நடக்கிற புத்தகம். அதைக் கீழே வைக்க முடியாது என்று நான் சொன்னது சுத்தப் பொய். நானே நாலு மாதம் வைத்து வைத்துத்தான் படித்தேன்.

சித்தியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இது. 1880. கும்பகோணம் கல்லூரியில் உ.வே.சா. தமிழாசிரியர், வயது 25. ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் உற்சாகமாக அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி ஒரு கேள்வி வருகிறது. பிறகு பழைய காப்பியங்களுக்குப் போய், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இவர் படித்ததில்லை. அந்த அறையிலிருந்து கிளம்பிய ஆள்தான் ஏழு வருடம் ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருகிறார்.

இந்த ஒரு காட்சியைச் சொல்லியிருந்தால், நாற்பது பக்கம் பொறுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சித்தி தானே முடிவு செய்திருப்பார். இப்போதெல்லாம் பிடித்த இடம் வந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைக்கிறேன். யாராவது கேட்டால் டிக்கெட் இருக்கும் பக்கத்தைப் பற்றிப் பேசினால் போதும்.

முன்னுரையைத் தாண்டிக் குதிப்பது

அதே புத்தகத்தைப் பற்றி ஒரு நண்பர், “கடைசியில சப்புன்னு விட்டுட்டாரு சார்” என்றார். விடவில்லை, போய்விட்டார். முன்னுரையைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ‘ஆனந்த விகட’னில் 1940இல் தொடராக வரத் தொடங்கியது. 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமானார். 122 அத்தியாயங்களோடு அப்படியே நின்றுபோன எழுத்துதான் 1950இல் நூலாக வந்தது.

தொடராக வந்த நாவல்களிடமும் இதே அநியாயம் நடக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரா வாரம் வந்தது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு திருப்பம் வைத்ததும், முன்னால் நடந்ததை அவ்வப்போது ஞாபகப்படுத்தியதும் ஒரு வாரம் காத்திருக்கிற வாசகருக்காக. ஐந்து பாகத்தையும் ஒரு லீவில் முடித்துவிட்டு, ‘ஒரே மாதிரி இழுக்கிறார்’ என்றால், தீபாவளிப் பலகாரம் முழுவதையும் ஒரே ராத்திரியில் தின்றுவிட்டுத் திகட்டுகிறது என்ற கதைதான். இழுவையாகத் தோன்றினால் தோன்றியது என்று தாராளமாகச் சொல்லலாம். எனக்கும் நாலாம் பாகத்தில் கொஞ்சம் தோன்றியது. ஆனால் எத்தனை நாளில் படித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாவலிடம் கேட்க வேண்டியதை வேறெங்கோ கேட்பது

என் கணக்கில் இதுதான் பெரிய தவறு, மற்றதெல்லாம் இதற்குத் தம்பி தங்கை. ஒரு கல்யாணப் பந்தியில் ‘பொன்னியின் செல்வன்’ படித்த உறவினர் ஒருவர், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் நந்தினிக்குப் பங்கு உண்டு என்று கல்வெட்டே சொல்வதாக அடித்துச் சொன்னார். சாம்பார் ஊற்ற வந்தவரும் நின்று கேட்டார். நந்தினி கல்கியின் கற்பனை. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அப்படித்தான். வந்தியத்தேவன் மட்டும் நிஜ மனிதர், குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. கொலையைப் பற்றிப் பேசுவது காட்டுமன்னார்கோவில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு. அது சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. அவர்களுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் அடித்துக்கொண்டார்கள். நீலகண்ட சாஸ்திரி, பின்னால் பட்டத்துக்கு வந்த உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். கல்கி கொலையாளி யார் என்று முடிச்சை அவிழ்க்காமலே விட்டார்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. நந்தினி வரலாற்றில் இல்லை, ஆகவே நாவல் டூப் என்பார்கள். நாவலிடம் ஆதாரம் கேட்கக் கூடாது. அந்தப் பாத்திரம் அந்த இடத்தில் அப்படி நடந்துகொள்வதை நம்ப முடிந்ததா என்று கேட்க வேண்டும்.

மற்றவர்களைச் சொல்கிறேனே, நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்த நாவல். ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5 அன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், இறந்தார் என்று ஆரம்பிக்கிறது. காம்யு இறந்தது நிஜமாகவே ஜனவரி 4. தேதி இத்தனை கச்சிதமாக இருந்தால் மனுஷன் நம்பாமல் என்ன செய்வான்? நேராக நூலகத்துக்குப் போய், ஜோசப் ஜேம்ஸ் எழுதியது ஏதாவது தமிழில் மொழிபெயர்ப்பாகி இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “தம்பி, அவரைப் பத்தி சுந்தர ராமசாமிகிட்டதான் கேக்கணும்” என்றார். அவமானமாக இருந்தது, ஆனால் அந்த நாவலுக்கு அதைவிட நல்ல பாராட்டு என்னால் கொடுத்திருக்க முடியாது.

நாவலுக்கும் வரலாற்றுக்கும் நடுவில் நிற்கிற புத்தகங்களில்தான் உண்மையில் கஷ்டம். ‘எரியும் பனிக்காடு’ படித்தவர்கள் பாதிப் பேர் அதை வரலாற்று நூல் என்கிறார்கள். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அது. கருப்பனும் வள்ளியும் அவர் படைத்த மனிதர்கள். ஆனால் மேஸ்திரி முன்பணம் கொடுத்து மலைக்குக் கூட்டிப்போவதும், ஊர் திரும்ப விடாத கடனும், காய்ச்சலும் சாவும் அவர் கேட்டும் அறிந்தும் எழுதியவை. ‘தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதிய நாவல்’ என்று சொன்னால் நாவலுக்கும் நியாயம், உண்மைக்கும் நியாயம்.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற பலர் தமிழில் மொழிபெயர்த்த இரா.முருகவேள் பெயரைச் சொல்லாமல் விடுகிறார்கள். மூலத்தின் பெயர் ‘ரெட் டீ’. தமிழ்த் தலைப்பில் சிவப்பும் இல்லை, டீயும் இல்லை. அந்தத் தலைப்பில் தொடங்கி நாம் படித்த ஒவ்வொரு வரியும் அவர் கைபட்டது. தமிழ் மட்டுமே பேசிய மனிதர்களைப் பற்றிய ஆங்கில நாவல், தமிழுக்குத் திரும்பும்போது அவர்களுக்கு அவர்கள் பேச்சே திரும்பக் கிடைக்கிறது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். மொழிபெயர்ப்பில் ஏதாவது கரடுமுரடாக இருந்தாலும், மூலத்தைப் பார்க்காமல் ஆசிரியர் மேல் பழி போடக் கூடாது. ‘தமிழில் இப்படி இருந்தது’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

கதையல்லாத புத்தகத்துக்குத் தலையாட்டுவது

மனித குல வரலாற்றைச் சொல்லும் ‘சேப்பியன்ஸ்’ புத்தகத்தை நாகலட்சுமி சண்முகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தேன். கோதுமையை மனிதன் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கியது என்கிறார் யுவால் நோவா ஹராரி. படித்ததும் துள்ளிவிட்டேன். எங்கள் அப்பா முறைத்தண்ணிக்காக ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வயலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நெல்லா அப்பாவா, யார் யாருக்கு வேலைக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இங்கேதான் வழுக்குகிறது. என் அனுபவத்தோடு ஒத்துப்போனது என்பதால் அது நிரூபணம் ஆகிவிடாது. ஒரு வாதத்தை ரசிப்பது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. இவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே படித்தால் முதல் பாதி அளவுக்குக் கடைசிப் பகுதி தாங்கவில்லை, ரொம்பத் தாவுகிறார் என்று எனக்குத் தோன்றியது. மானுடவியல் அறிஞர்கள் சிலரும் அவருடைய பொத்தாம்பொதுவான முடிவுகளை ஏற்கவில்லை. இருந்தாலும் யாராவது கேட்டால் படிக்கத்தான் சொல்வேன், பக்கத்தில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பென்சிலுக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சோழர் பெருமை பேசும் ஒரு புத்தகத்தில், 1010இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோவிலின் விமான நிழல் தரையில் விழாது என்று எழுதியிருந்தது. நான் அந்தக் கோவிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். சாயங்காலம் நாலு மணிக்குக் கல் சுடும், நாங்கள் விமான நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவோம். நிழல் நகர நகர நாங்களும் நகருவோம். அந்த ஒரு வரிக்குப் பிறகு அந்த ஆசிரியர் சொன்ன மற்ற கணக்குகளை எப்படி நம்புவது? வீட்டில் யாராவது கேட்டபோது, ‘நல்ல உணர்ச்சிகரமான புத்தகம்’ என்று நழுவாமல் நிழல் கதையைச் சொன்னேன்.

சின்னச் சின்னதாகச் சில

படம் பார்த்துவிட்டுப் புத்தகம் படித்த மாதிரி பேசுவது. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது, அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் 2019. படத்தில் அப்பாவின் இளமைக்காலமாக வரும் அந்தப் பெரிய பகுதி நாவலில் இல்லை. நாவல் முழுக்கப் பதினைந்து வயதுப் பையனின் கூடவே காட்டில் அலைகிறது. படத்தை மனதில் வைத்துக்கொண்டு நாவலில் ‘ஏதோ குறையுது’ என்பவர்களிடம் என்ன சொல்ல?

வட்டார வழக்கு புரியவில்லை என்று முதல் பத்துப் பக்கத்தில் மூடிவிட்டு, ‘மொழி சரியில்லை’ என்பது இன்னொன்று. கரிசல் பேச்சுக்கு கி.ராஜநாராயணன் 1982இல் சொல்லகராதியே போட்டுக் கொடுத்திருக்கிறார். அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை, சத்தமாக வாய்விட்டுப் படித்தால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசலாம், தப்பே இல்லை. 90 பக்கம் படித்தேன், அதற்கு மேல் ஓடவில்லை என்று கணக்கை மட்டும் மறைக்கக் கூடாது. இந்த வருடம் ஐம்பது புத்தகம் என்று எண்ணிக்கை வைத்து ஓடுகிறவர்களிடம் மட்டும் நான் அபிப்பிராயமே கேட்பதில்லை. அது என் பிடிவாதம்.

அப்புறம், கதையின் முடிவை உளறுவது. நாவலில் உளறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். சுயசரிதையில் என்ன ரகசியம் இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் மறுநாள் சித்திக்குப் போன் போட்டு, முதலியார் காட்சியை முழுசாகச் சொன்னேன். “சரி, பாக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

பங்குனி கடைசியில் ராத்திரி பத்து மணிக்குப் போன். குரல் கம்மியிருந்தது.

“ஏண்டா, அவரோட குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போயிட்டாரேடா. நீ அதைச் சொல்லவே இல்லையே.”

என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். சித்தியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

“சரி, அந்த முதலியார் எப்ப வருவார்?”